மோட்டாருக்கு ஊத்திக் குடுக்கறதுக்கு முந்தி

வா கண்ணு, உக்காரு. அந்தக் கம்ப்யூட்டர்ப் பொட்டியக் கீழ வெக்காத, கோழி ஏறிப்புடும். என்னமோ காருக்குச் சாராயம் ஊத்தப் போறியாமா? ஊரே பேசுது. உங்கப்பன் என்னடான்னா, பையன் பெரிய இஞ்சினீரு ஆயிட்டான்னு மீசையத் தடவிட்டுத் திரியறான்.

எத்தனாலுன்னு வாய் நெறையச் சொன்னா அது வேற வஸ்து ஆயிருமா சாமி? கரும்பாலைப் பாகுக் கழிவுல வடிச்சதுதான அது? இப்ப அரிசியிலயும் மக்காச்சோளத்துலயுங்கூட வடிக்கறாங்க. எங்க காலத்துல ஊறல் போட்டா போலீசு வரும். இப்பக் கவருமெண்டே பெட்ரோல்ல கலந்து ஊத்துது. 2003ல சில மாநிலத்துல நூத்துக்கு 5 பங்குன்னு ஆரம்பிச்சாங்க. 2022ல 10 ஆச்சு. 2025ல 20. நீ கேக்காமயே உன் வண்டி கொஞ்சம் போட்டுட்டுத்தான் ஓடிட்டிருக்குது.

உனக்கு அது பத்தலை. 85 பங்கு வேணும், ஈ85ங்கறாங்களே, அது. எதுக்கு? குதிரைக்கு. ரெண்டு லிட்டர் டர்போவுல இருக்கற எரநூறு குதிரைய முந்நூறு ஆக்கோணுமாம். ஏங்கண்ணு, நம்ம இட்டேரியில எருமை குறுக்க வந்தா அந்த முந்நூறும் நிக்கத்தான வேணும்?

செரி, ஆசைப்பட்டுட்டே. சரக்கு கெட்டதில்ல, அதையும் சொல்லிப்போடறேன். ஊசி போடறதுக்கு முந்தி நர்சம்மா பஞ்சுல ஸ்பிரிட்டுத் தொட்டுத் தேய்ப்பாங்களே, சில்லுனு இருக்குமில்ல? ஆவியாகறப்ப சூட்டப் புடுங்கிக்குது. ஒரு கிலோவுக்குப் பெட்ரோல் புடுங்கற சூட்டவிட எத்தனால் புடுங்கறது ரெண்டரை மடங்கு கிட்ட வரும். உன் வண்டியில இன்ஜெக்டர் சிலிண்டருக்குள்ளயே பீச்சறதால, அந்தச் சில்லு வெளிய வீணாப் போகாம உள்ளயே எறங்குது. அதுக்கு மேல ஆக்டேன் 108 கிட்ட. நாக்கிங் அடங்குது. டைமிங்க முன்னால இழுக்கலாம், பூஸ்ட் ஏத்தலாம். அமெரிக்காவுல இண்டிகார் பந்தயத்துல 2012லருந்து பத்து வருசத்துக்கும் மேல 2.2 லிட்டர் டர்போ மோட்டார ஈ85லதான் ஓட்டுனாங்க. அவங்களும் உன்னையாட்டத்தான் பொட்டியும் கையுமா நின்னாங்க. ஆனா பொட்டியத் தொறக்கறதுக்கு முந்தி பம்பப் பாத்திருப்பாங்க.

உங்க ஆத்தாகிட்டக் கேளு. பொன்னி அரிசிக்கு ஒரு தண்ணி, ரேசன் அரிசிக்கு ஒரு தண்ணி. அரிசிய மாத்திப்போட்டு அதே ஒலத்தண்ணி வெச்சா சோறு என்னாகும்? இதும் அதே கதைதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா வேக 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஏன்னா அதோட எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல ஆக்சிஜனாவே இருக்குது, அரைவேக்காட்டுச் சோறாட்ட. மோட்டாருக்குள்ள வர்ற காத்து அதேதான். அப்பக் கூட ஊத்த வேண்டியது எது? சரக்குதான். பெட்ரோல் 100 மில்லி போன எடத்துல ஈ85ன்னா 140 மில்லி கிட்டப் போகோணும்.

அந்த நாப்பது மில்லிய எங்கிருந்து கொண்டாருவே? இதக் கேட்டா நீ ஸ்கிரீன்ல கலர் கலராக் கட்டம் காட்டறே. கட்டமா பீச்சுது?

பழைய வண்டியில இன்ஜெக்டர் வால்வுக்கு வெளிய நின்னு பீச்சும். பந்தியில எலையப் போட்டு முன்கூட்டியே பரிமாறி வெக்கற மாதிரி. ஆளு எப்ப வந்து உக்காந்தாலும் சோறு காத்திருக்கும். உன் வண்டி அப்படியில்ல. கொழந்தைக்கு ஊட்டற மாதிரி, வாயத் தொறந்திருக்கறப்பவே உள்ள தள்ளோணும். மோட்டார் 6000 சுத்து சுத்தறப்ப ஒரு சுத்துக்கு 10 மில்லி செகண்டு. காத்து இழுக்கறது அரைச் சுத்து. அப்ப உனக்குக் கெடைக்கறது வெறும் 5 மில்லி செகண்டு. பழைய வண்டிக்கு ரெண்டு சுத்தும் சேந்து 20. அந்த அஞ்சுக்குள்ள நாப்பது பங்கு சேத்தி ஊட்டோணும்னா எப்படி? அப்புறமும் ஊட்டலாம், ஆனா நேரங்கழிச்சுப் பீச்சுனது காத்தோட கலக்காது. பிஸ்டன் தலையிலயும் சிலிண்டர்ச் செவுத்துலயும் வழிஞ்சு, ஆயிலக் கழுவி, கீழ எறங்கிப் போகும்.

அழுத்தத்த ஏத்தறேங்கறியா? ஏத்து. அழுத்தம் ரெண்டு மடங்கானா ஓட்டம் ரெண்டு மடங்கு ஆகாது, ஒண்ணரைகூட ஆகாது. 1.4 தான். அதையும் ஏத்தறது ஆரு? கேம்ஷாப்டு தட்டி ஓடற அந்தச் சின்னப் பம்பு. 200 பாரோ 350 பாரோ, கம்பெனிக்காரன் பெட்ரோல் கணக்குக்குச் செஞ்சு வெச்சது. அதுக்குச் சரக்கு அனுப்பறது டேங்குக்குள்ள இருக்கற இன்னொரு பம்பு.

எங்க தோட்டத்துல சொட்டுநீர் போட்டப்ப நானும் இந்தக் கூத்தப் பண்ணுனவன்தான். கெணத்து மோட்டார் அதே அஞ்சு எச்பி. கொழாய மட்டும் ஒரு ஏக்கராவுக்குச் சேத்தி இழுத்துட்டேன். கேட்வால்வ எல்லாத்தையும் தொறந்தா, கடைசித் தென்னைக்குச் சொட்டுக்கூட வரலை. குழாயக் கொறை சொல்லி, போட்டவனக் கொறை சொல்லி, கடைசியில பாத்தா கொறை எங்கிட்ட. தென்னை வாடுனதோட போச்சு. உன் சங்கதி அப்படியில்ல. இன்ஜெக்டருக்குச் சரக்குக் குடுக்கற ரெயில்ங்கற கொழாய்ல அழுத்தம் எறங்குனா, பூஸ்ட் முழுசா இருக்கறப்ப சரக்கு மட்டும் கொறையும். சூடு ஏறும். பிஸ்டன்ல ஓட்டை விழும். போன வருசம் ஒரு பையன் செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்குக்குப் போறேன்னு பளபளன்னு போனான். வர்றப்ப வண்டி லாரி மேல வந்துது. அவங்கிட்டயும் உன்னையாட்டவே கலர்க் கட்டம் இருந்துது. பொட்டியில பதிவாகற ரெயில் பிரஷர் லாக்கத்தான் அவன் ஒருநாளும் பாக்கலை.

இன்னொருத்தன் கதை கேளு, சிரிச்சுப்போடுவே. ஒரு பங்கு சரக்குக்கு எத்தனை பங்கு காத்துன்னு காட்டற மீட்டர் 14.7 காட்டுதாம். ஈ85க்கு 9.8 இருக்கோணும்னு எங்கியோ படிச்சிருக்கான். ஐயோ சரக்குப் பத்தலைன்னு ஊத்து ஊத்துன்னு ஊத்தி, முள்ள 9.8க்குக் கொண்டாந்துட்டான். கறுப்புப் புகை, தும்மல், இருமல். அட கெரகமே! அந்த மீட்டர் பெட்ரோல் கணக்குல பேசற மீட்டர். சென்சார் பாக்கறது லாம்ப்டாவ மட்டுந்தான், அதாவது முழுசா வேக வேண்டிய காத்துக்கு எத்தனை பங்கு காத்து இருக்குதுங்கறத. லாம்ப்டா 1 வந்தா, உள்ள போறது எந்தச் சரக்கா இருந்தாலும் அது 14.7ன்னுதான் எழுதும். சந்தையில காய் நிறுக்கற தராசுல தங்கத்த நிறுத்தா தராசு மேல என்ன தப்பு? லாம்ப்டாவப் பாத்து வேலை செய், அந்த எழவே இல்ல.

எத்தனால் ஈரம் இழுக்கறது வேற இருக்குது. மழைக்காலத்து உப்பாட்டம். மாசக்கணக்கா நிறுத்தி வெக்கற வண்டிக்கு இது ஆகாது.

இப்ப என்ன பண்ணறது? பெரிய பம்பு போடு, இல்லாட்டி வால்வுக்கு வெளிய இன்னொரு வரிசை இன்ஜெக்டர் வெய்யி. காசு இல்லையா? முப்பது பங்கோட நிறுத்து. அதுலயே நாக்கிங் கணிசமா அடங்கிரும், பம்பும் பொதுவாத் தாங்கும். தாங்குதான்னு லாக்குல பாத்துட்டு அப்புறம் ஒவ்வொரு படியா ஏறு.

ஆனா முப்பதுன்னு எப்படித் தெரியும்? பங்க்குல எழுதியிருக்குதுங்கறியா? நம்பிக்கைதான் போ. டேங்குல பாதி பழசு, பாதி புதுசு. பிரேசில்காரன் 2003லயே பெட்ரோல், எத்தனால் ரெண்டையும் குடிக்கற வண்டி வித்தான். தனி சென்சார்கூட இல்லாம, புகைக்கொழாய்ல இருக்கற சென்சார வெச்சே டேங்குல என்ன இருக்குதுன்னு கண்டுபுடிச்சான். நீ பிளெக்ஸ் பியூல் சென்சார் வாங்கி மாட்டறதுன்னா தாராளமா மாட்டு, நல்ல சாமான். அது வர்ற வரைக்கும் தண்ணி போதும்.

ஆமா, தண்ணிதான். நூறு மில்லி அளவுக் கொழாய்ல 10 மில்லி தண்ணி விடு. மேல 90 மில்லி உன் கலப்ப ஊத்து. மூடி, நல்லாக் குலுக்கி, அசங்காம வெய்யி. சாராயம் பெட்ரோல உட்டுட்டுத் தண்ணிகூடச் சேந்துக்கும். பழைய கூட்டாளி இல்லையா! தண்ணிக்கோடு 10லருந்து 28க்கு ஏறுனா உன் டேங்குல இருக்கறது 20 பங்கு. 37க்குப் போச்சுன்னா 30.

ஏன் முழிக்கறே? லட்ச ரூவாய்க்கு டியூனிங் போட வந்தவங்கிட்ட அளவுக் கொழாய் ஒண்ணு இல்லையா? போ, பள்ளிக்கொடத்து வாத்தியாருகிட்ட நாஞ்சொன்னேன்னு ஒண்ணு வாங்கியா. நான் பீடிய அணைச்சுப்போட்டுப் பொடக்காலியில நிக்கறேன்.