செருப்பைக் கழற்றிவிட்டுப் படித்த கம்ப்யூட்டர்

1993-ல் நான் எம்.சி.ஏ. சேர்ந்தபோது அது மூன்று வருடப் படிப்பு. தொட்டுப் பார்க்கக் கம்ப்யூட்டர் கிடைப்பதே அபூர்வம் என்பதால் மூன்று வருடமும் போதவில்லை. என் அண்ணன் மகள் இப்போது படிப்பதும் அதே எம்.சி.ஏ.தான். 2020-21 கல்வியாண்டிலிருந்து அதை இரண்டு வருடமாகக் குறைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் பெருகப் பெருகப் படிப்பு குறுகுகிறது. இந்தக் கணக்கிலேயே போனால் அவள் மகள் காலத்தில் அட்மிஷன் அன்றே பட்டமளிப்பு விழாவையும் வைத்துவிடலாம். ஷாமியானா வாடகையாவது மிஞ்சும்.

எங்கள் கல்லூரி ஜி.எஸ்.டி. சாலையில் இருந்தது. செங்கல்பட்டிலிருந்து மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் போய்வருவேன். லேபுக்குள் நுழையும் முன் செருப்பை வாசலில் விட வேண்டும். தூசு மெஷினுக்கு ஆகாதாம். உள்ளே ஏ.சி. உண்டு. அதுவும் மெஷினுக்காகப் போட்டதுதான், எங்களுக்கும் சேர்த்துக் குளிர்ந்தது தற்செயல். ஒரு 386 கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். ஒருத்தி தட்டினால் இன்னொருத்தி வேடிக்கை பார்க்கலாம். புரோகிராமை முதலில் அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, பச்சை பிளாஸ்டிக் ஸ்டென்சிலால் ஃப்ளோசார்ட் வரைந்து, பென்சிலால் வரிக்கு வரி 'டிரை ரன்' போட்டுக் காட்டிக் கையெழுத்து வாங்கினால்தான் நாற்காலியில் உட்கார விடுவார் லேப் அசிஸ்டென்ட். ஹெச்.ஓ.டி.யைவிட அதிகாரம் உள்ளவர் அவர். "நோட்டுல ஓடாதது மெஷின்ல மட்டும் ஓடிடுமா?" என்று கேட்பார். பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

எங்கள் பேராசிரியர் ஒருவருக்கு இந்த லேபே ஆடம்பரமாகத் தெரிந்தது. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்த காலத்தவர். அட்டையில் துளை போட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, 'பிழை' என்கிற ஒரே ஒரு வரியைப் பிரின்டாக வாங்கிக்கொண்டு திரும்பிய தலைமுறை.

அண்ணன் மகள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு லேப்டாப்பில் புரோகிராம் செய்கிறாள். 'டிரை ரன்' என்றால் என்ன என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "மெஷின் இருக்கும்போது நீ எதுக்கு அத்தே மெஷின் மாதிரி நடிச்சே?" என்றாள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அவள் எழுதுவதும் இல்லை. கேட்கிறாள், அது எழுதுகிறது. நாங்கள் மூன்று மணி நேரம் எழுதிப் பத்து நிமிடம் ஓட்டினோம். அவளுக்குப் பத்து நொடியில் புரோகிராம் வந்துவிடுகிறது, வந்ததில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆகிறது. வேகம் எங்கே கூடியது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ரெக்கார்ட் நோட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. கையால்தான் எழுத வேண்டுமாம். ஏ.ஐ. எழுதிக் கொடுத்ததை இந்தப் பெண் நீல மையில் உட்கார்ந்து காப்பி எடுப்பதைப் பார்க்கும்போது, யார் யாருக்கு குமாஸ்தா என்று தோன்றும்.

பாடத்திட்டமும் பெரிதாக அசைந்துவிடவில்லை. காட் (Codd) 1970-ல் எழுதிய ரிலேஷனல் மாடல் எங்களுக்கும் உண்டு, அவளுக்கும் உண்டு. டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட குறுக்குவழிக் கணக்கும் அப்படியே. காகிதம் பென்சில் இல்லாமல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் யோசித்தது அது என்று டைக்ஸ்ட்ராவே சொல்லியிருக்கிறார். அதைப் பரீட்சையில் எழுத எங்களுக்கு அரை மணி நேரமும் அடிஷனல் ஷீட்டும் தேவைப்பட்டன.

எம்.சி.ஏ. முடித்தால் என்ன வேலை என்று அன்றைக்குச் செங்கல்பட்டில் யாரும் கேட்டதில்லை. எப்போது அமெரிக்கா என்றுதான் கேட்டார்கள். கோபால் (COBOL) கிழட்டு மொழி என்று முகம் சுளித்தபடி படித்து பாஸ் ஆனோம். வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி இடம் மிச்சப்படுத்திய பழைய கோபால் புரோகிராம்கள் 2000 பிறந்ததும் குழம்பிவிடும் என்று உலகம் பதறியபோது, அந்தக் கிழட்டு மொழிதான் என் வகுப்பில் பலரை விமானம் ஏற்றியது. அமெரிக்காவும் தாராளமாகத்தான் இருந்தது. ஆண்டுக்கு 65,000 என்றிருந்த ஹெச்-1பி விசா வரம்பை 1999-க்கு 1,15,000 ஆகவும் 2001-க்கு 1,95,000 ஆகவும் ஏற்றினார்கள். தரகர்கள் எம்.சி.ஏ. மாப்பிள்ளைகளுக்குத் தனி நோட்டுப் போட்டார்கள். எம்.சி.ஏ. பெண்களுக்கும் கிராக்கிதான், அங்கே போய் சமைத்துப் போடுகிறவள் ஃபாக்ஸ்புரோவும் தெரிந்தவளாக இருந்தால் கௌரவம் என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் நினைத்தார்கள். நான் இங்கேயே தங்கிப் பாடம் நடத்தப் போனேன்.

இப்போது நிலைமை தலைகீழ். 2002-ல் பரனூரில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி வந்தது. இன்ஃபோசிஸ் வளாகம் கட்டியது. செங்கல்பட்டிலிருந்து அடுத்த ஸ்டேஷன். என் காலத்தில் அங்கே ரயில் நின்றால் இறங்க ஆள் இருக்காது. இன்று காலையில் ஏறி இறங்கும் கூட்டத்தில் பாதிப் பேர் கழுத்தில் அடையாள அட்டை. நாங்கள் எந்த வேலையைத் தேடி ஊரைவிட்டுப் போக நினைத்தோமோ அது ஊருக்கே வந்துவிட்டது. அமெரிக்காவோ கதவை ஒருக்களித்துவிட்டது: 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவிப்பு வந்தது. அன்று இரவு அண்ணன் மகளைப் பார்த்தேன். அவள் சலனமே இல்லாமல், "பரனூர் போதும் அத்தே. மதியத்துக்கு வீட்டு சாப்பாடு" என்றாள்.

எங்கள் எம்.சி.ஏ.வில் கடைசி செமஸ்டர் முழுக்க புராஜெக்ட். அதை ஏதாவது கம்பெனியில் செய்ய வேண்டும் என்பது விதி. 1996-ல் செங்கல்பட்டில் கம்பெனிக்கு எங்கே போவது? தோழியின் மாமா சிபாரிசில் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் இடம் கிடைத்தது. தலைப்பு 'ஹோட்டல் மேனேஜ்மென்ட் சிஸ்டம்'. எங்கள் வகுப்பில் மிச்சப் பேர் லைப்ரரியையும் பேரோலையும் 'மேனேஜ்மென்ட் சிஸ்டம்' ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

போகிற வழியில் திருக்கழுக்குன்றத்தில் மலைக்கோயில் கூட்டம் இறங்கினால்தான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். பையில் 1.44 எம்.பி. ஃப்ளாப்பி. கல்லூரியில் நன்றாக இருப்பது கடற்கரைக்குப் போனதும் மனம் மாறிவிடும். 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?' என்று திரை கேட்கும். உப்புக் காற்று என்பார் மேனேஜர். கம்ப்யூட்டர் சம்பந்தமாக அவர் சொன்ன ஒரே தொழில்நுட்பக் கருத்து அது.

மேனேஜரிடம் ஒரு தடித்த லெட்ஜர் இருந்தது. எந்த அறையில் யார், யார் பாக்கி, யாருக்கு மீன் ஆகாது, எந்த ஜெர்மன்காரர் அடுத்த டிசம்பரிலும் அதே அறையைக் கேட்பார் என்பதெல்லாம் அதில் இருந்தன. ஃபாக்ஸ்புரோவில் நாங்கள் போட்ட டேபிளில் 'மீன் ஆகாது' என்பதற்கு ஃபீல்டு இல்லை. வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் கொடுத்தாக வேண்டியிருந்தது. அதை எங்கள் சாஃப்ட்வேர் ஒரே தட்டில் பிரின்ட் எடுக்கும் என்று பெருமையாகக் காட்டினோம். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் அலறி ஓய்ந்ததும் தாளைக் கிழித்து வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேனேஜர் படித்தார். "ரொம்ப நல்லாருக்கும்மா" என்றார். அப்புறம் கார்பன் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கையால் எழுத ஆரம்பித்தார். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'கைமுறை வேலை முற்றிலும் நீக்கப்பட்டது' என்று ஒரு வரி உண்டு. எல்லா ரிப்போர்ட்டிலும் உண்டு. இன்று அந்த விவரம் ஆன்லைனில் போகிறது; அறை போடுவது போனில் நடக்கிறது. மீன் ஆகாதவர்கள்தான் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணன் மகளின் புராஜெக்டுக்கும் மாமல்லபுரம்தான் களம். சிற்பத்தைப் போனில் படமெடுத்தால் அது என்ன என்று சொல்லும் செயலி. இணையத்தில் இருந்து படங்களை அள்ளி, ஓசியில் கிடைக்கும் கூகுள் கோலாபில் மாடலைப் பழக்கினாள். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையில் முதல் சிக்கல். இணையத்தில் கிடைக்கிற படங்களில் பெரும்பாலும் யாராவது ஒருவர் அந்தப் பாறையைத் தள்ளுவதுபோலவோ தாங்குவதுபோலவோ போஸ் கொடுக்கிறார். இவள் விடியற்காலையில் போய் ஆளில்லாமல் எடுத்த படத்தை அந்த மாடல் வெண்ணெய் உருண்டை என்று ஒப்புக்கொள்ளவே இல்லை.

அடுத்தது பெரிய பாறைச் சிற்பம். அர்ச்சுனன் தபசு என்று ஒரு கட்சி. பகீரதன் கங்கையை இறக்குகிறான் என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் உள்ள நியாயங்களைப் பொறுமையாக விளக்கினேன். "ஏதாவது ஒண்ணைச் சொல்லு அத்தே, லேபிள் போடணும்" என்றாள். அறிஞர்கள் இத்தனை காலமாக முடிக்காத வழக்கை, சாப்பிட்டுக்கொண்டே அர்ச்சுனன் பக்கம் முடித்து வைத்தோம்.

அந்தச் சிற்பத்தில் பெரிய யானைக்கு முன்னால் ஒரு பூனை இருக்கும். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனை. அதை நம்பி எலிகள் சுற்றி நிற்கும். செயலி அந்தப் பூனையை 'முனிவர்' என்றது. இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சிற்பி நினைத்தது அதுதானே, எலிகளும் அப்படித்தானே ஏமாந்தன, பல்லவர் கால நகைச்சுவை உன் மாடலுக்குப் பிடிபட்டிருக்கிறது என்றால் பெருமைப்பட வேண்டாமா என்று கேட்டேன். "அக்யூரசி அடிபடும்" என்று சொல்லிவிட்டுப் பூனைப் படங்களை இன்னும் நிறையச் சேர்த்து இரவெல்லாம் மறுபடி பழக்கினாள்.

காலையில் பூனையைப் பூனை என்றது. ஒற்றைக் காலில் கைதூக்கி நிற்கும் அர்ச்சுனனையும் பூனை என்றது.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் இது எதையும் கேட்கவில்லை. ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றாராம்.