மழிபின் கன்னநிலை: சவர சோப்புத் தேர்வு பற்றிய ஓர் ஆய்வேட்டுச் சுருக்கம்

சவரம் முடித்த ஆண்மகன் தன் கன்னத்தைத் தானே தடவிப் பார்க்கிறான். புறங்கையால் ஒருமுறை, விரல்நுனியால் மேலிருந்து கீழாக ஒருமுறை, ஐயம் தீராமல் கீழிருந்து மேலாக இன்னொருமுறை. நாள்தோறும் லட்சக்கணக்கான குளியலறைகளில் நிகழும் இச்செயலுக்கென ஓர் ஆய்விருக்கை அமைக்க எந்தப் பல்கலைக்கழகமும் முன்வரவில்லை. அக்குறையை ஓரளவு நீக்கும் பொருட்டே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

ஆய்வேடு என்றால் முதல் இயலில் வள்ளுவரை அழைத்தாக வேண்டும் என்பது மரபு. அழைத்ததில் ஒரு சிக்கல். 'கூடா ஒழுக்கம்' அதிகாரத்தின் கடைசிக் குறளில், 280ஆம் எண்ணில், மழிப்பு விவகாரத்தையே தேவையற்றது என்று தள்ளிவிடுகிறார். அது துறவிகளுக்குச் சொன்னது, அலுவலகம் போகிறவர்களைக் கட்டுப்படுத்தாது என்று உரை கொண்டு, அவரை வணங்கி விடைகொடுத்துவிட்டு ஆய்வு மேலே செல்கிறது.

முதலில் வரையறை. மழித்துக் கழுவித் துடைத்த நொடி முதல் மதியச் சாப்பாடு வரை கன்னத்தில் நிலவுவது எதுவோ அதுவே 'மழிபின் கன்னநிலை' என்க. இது மூன்று பருவம் உடைத்து. முதலாவது எரிபருவம், விளக்கம் தேவையில்லை. இரண்டாவது இழுபருவம்: கால்மணி நேரத்தில் தோல் இறுகி, சிரித்தால் கன்னம் உடன்வர மறுக்கும். மூன்றாவது மறதிப்பருவம்: முகம் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. மூன்றாவதே வீடுபேறு. முதலிரண்டையும் தாண்டி நேரே அங்கே கொண்டுபோய் விடுவதே நல்ல சோப்பு. ஆனால் விளம்பரங்கள் முதல் நொடியைப் பற்றியே பேசுகின்றன. வாங்குகிறவரும் கடையில் முகர்ந்து பார்த்தே வாங்குகிறார். கன்னத்துக்காக மூக்கு சாட்சி சொல்வதே இத்துறையின் அடிப்படைக் கோளாறு.

குளிர்ச்சியை நம்பியும் ஏமாற வேண்டாம். மென்தால் கலந்த கிரீமைத் தடவியதும் ஜில்லென்று இருக்கிறதே, அப்போது மென்தால் தோலைக் குளிர்வித்துவிடவில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிஎம்8 என்ற புரதத்தை அது தட்டி எழுப்புகிறது. குளிர் வந்துவிட்டதாக மூளை நம்பிவிடுகிறது. மென்தாலை வைத்தே இப்புரதத்தைத் தனித்தனியாகக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் இருவரும், வெப்பத்தையும் தொடுகையையும் உடல் உணரும் விதத்தை விளக்கியதற்காக 2021இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர். ஆக, நம் துறைக்கு நோபல் பரிசு மறைமுகமாகக் கிடைத்தாகிவிட்டது. என்றாலும் மென்தால் எரிச்சலைத் தீர்ப்பதில்லை, கவனத்தைத் திருப்புகிறது. அது ஓய்ந்த பிறகு கன்னம் என்ன சொல்கிறது என்பதையே ஆய்வாளர் கேட்க வேண்டும்.

அதற்குக் கொழுப்புக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. வழி திறந்தவர் மிஷேல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். சோப்பு என்பது கொழுப்பமிலமும் காரமும் சேர்ந்த உப்பு என்ற தெளிவு அவரால் வந்தது. விலங்குக் கொழுப்புகள் பற்றிய அவர் நூல் 1823இல் வெளியானது. 1786இல் பிறந்தவர் 1889 வரை வாழ்ந்தார். நூறு வயதில் எடுத்த புகைப்படங்களில் தலைமுடி நாலாபக்கமும் பறக்கிறது. கன்னம் மட்டும் சுத்தமாக மழிக்கப்பட்டிருக்கிறது. இதைவிட வலுவான சான்று இவ்வாய்வுக்கு வேண்டியதில்லை.

அவர் ஆராய்ந்த கொழுப்பமிலங்களுள் ஒன்று ஸ்டியரிக் அமிலம். மெழுகுவத்தியில் சேர்வதும் அதுதான், சவர சோப்பின் முதுகெலும்பும் அதுதான். கெட்டியான, ஈரம் தாங்கும், சீக்கிரம் சாகாத நுரை அதனால் கிடைக்கிறது. குளியல் சோப்பு சோடியம் காரத்தில் ஆனது. இறுகியது, மெல்லக் கரைவது. அதன் நுரை, தாடையில் ஒரு பக்கம் வழிப்பதற்குள் மறுபக்கம் காய்ந்துபோகும். சவர சோப்பிலும் கிரீமிலும் பொட்டாசியம் காரம் சேர்வதால் அவை சட்டென்று கரைகின்றன. கிரீம் டியூபைப் பிதுக்கினால் தெரியும் முத்துப் பளபளப்பு, காரத்தோடு சேராமல் மிஞ்சிய ஸ்டியரிக் படிகங்களால் வருவது. காலமெல்லாம் குளியல் சோப்பிலேயே வழித்து முடித்த தந்தையர் தலைமுறை ஒன்று நம்மிடம் உண்டு. அவர்கள் காலைவேளையில் சிரிக்காததற்குக் குடும்பப் பொறுப்பு மட்டும் காரணம் அல்ல என்பது இவ்வாய்வின் துணைக் கருதுகோள்.

தேங்காய் எண்ணெயைப் பற்றிப் பேசாமல் தப்ப முடியாது. நம் பாசத்துக்கு உரியது. ஆனால் அதன் கொழுப்பமிலங்களில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். லாரிக் சோப்பு பொசுக்கென்று பொங்கும், அதே வேகத்தில் அடங்கும், போகிறபோக்கில் தோலின் சொந்த எண்ணெயையும் வாரிக்கொண்டு போகும். இழுபருவ வழக்கில் முதல் குற்றவாளி அதுவே. கிரீமில் ஸ்டியரிக்குக்குத் துணையாக அளவோடு வந்தால் மன்னிக்கலாம். தலைமை தாங்க விடக்கூடாது.

இந்த இடத்தில் தண்ணீர் குறுக்கிடுகிறது. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் பிரஷ்ஷை நாலு சுழற்று சுழற்றினால் நுரை கிண்ணத்தை விட்டு எழும். சென்னையில் போர் தண்ணீர் வரும் அடுக்ககத்தில் அதே சோப்பு, அதே பிரஷ், அதே மனிதர்; கிண்ணத்தில் திரிந்த பால் போல ஏதோ மிதக்கும். கடினநீரின் கால்சியமும் மக்னீசியமும் ஸ்டியரிக்கைப் பிடித்துக் கரையாத கசடாக்கிவிடுகின்றன. வாளியின் உள்விளிம்பில் படியும் அதே வெள்ளைக் கசடு கன்னத்திலும் படிகிறது. கழுவலாமே என்றால், கழுவுவதும் அதே தண்ணீரில்தான். தேங்காய் எண்ணெய் சோப்போ உப்புநீரிலும் நுரைக்கும். கடல்நீரில் குளிக்க மாலுமிகளுக்கு அதில்தான் சோப்பு செய்தார்கள். ஆக, உப்புத் தண்ணீர்க்காரர் நுரை வேண்டுமென்றால் லாரிக்கிடம் போக வேண்டும், கன்னம் வேண்டுமென்றால் ஸ்டியரிக்கிடம் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவரின் முகம் எப்படி இருக்கும் என்பதற்குக் காலை எட்டரை மணிக்கு எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் ஆதாரம் கிடைக்கும்.

ஆய்வு கண்ட தீர்வு ஒரு டம்ளர் கேன் தண்ணீர். பிரஷ் நனைக்கவும், நுரை கட்டவும், சிக்கனமாக ஒரு கடைசிக் கழுவலுக்கும் போதும். "குடிக்கிற தண்ணிய எடுத்தா மூஞ்சி வழிக்கிறீங்க?" என்ற மறுப்பு சமையலறைப் பக்கமிருந்து எழும். நெறியாளர் வீட்டிலேயே இருக்கும் ஆய்வாளர் எல்லோருக்கும் உள்ள சங்கடம் இது. தமிழ்நாட்டில் 2003இல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நிலத்தடி நீரைப் பற்றியே பேசினார்கள். மழைநீர் மென்னீர், தாடிக்கு உகந்தது என்ற வாதத்தையும் சேர்த்திருந்தால் ஆண்கள் இன்னும் உற்சாகமாகக் குழாய் மாட்டியிருப்பார்கள்.

அயல்நாட்டுச் சான்றுகளுக்கு அதிக இடம் தர மனமில்லை. இங்கிலாந்தின் மிட்செல்ஸ் வுல் ஃபேட் சோப்பில் ஆட்டுரோமக் கொழுப்பான லானோலின் சேர்கிறது. கழுவிய பின்னும் மெல்லிய பூச்சாக நிற்கும். இத்தாலியின் ப்ரொராசோ பச்சை வகையில் யூகலிப்டசும் மென்தாலும். மென்தால் பற்றி மேலே சொன்னதே. விலங்குக் கொழுப்பு வேண்டாதவர் பனைஎண்ணெயிலிருந்து எடுத்த ஸ்டியரிக்கைத் தேடிக்கொள்ளலாம். ஸ்டியரிக் எங்கிருந்து வந்தாலும் ஸ்டியரிக்தான். கன்னம் அதன் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை. 'தோலுக்கேற்ற பிஎச்' என்று அட்டையில் போட்ட சோப்பைப் பற்றி ஒரு சொல்: உண்மையான சோப்பு பிஎச் 9, 10 என்ற அளவில் இருக்கும், தோலோ 5ஐ ஒட்டியது. சோப்பை 5க்கு இறக்கினால் கொழுப்பமிலம் பிரிந்துவிடும், சோப்பு என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

வாய்மொழித் தேர்வு தெருமுனை சலூனில் நடந்தது. பக்கத்து நாற்காலிக்காரர், எந்த சோப்பு போட்டாலும் வீட்டில் வழித்தால் எரிகிறது என்று முறையிட்டார்.

"கீழேருந்து மேல இழுப்பீங்களா சார்?"

"ஆமாண்ணே. அப்பத்தான வழவழன்னு வரும்."

"அப்புறம் சோப்பை ஏன் சார் திட்டுறீங்க?"

இவ்வினாவுக்கு ஆய்வுலகில் விடை இல்லை. கடைக்காரர் படிகாரக் கல்லை நனைத்து அவர் கழுத்தில் தேய்த்தார். பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேட் அது. புரதத்தை உறையவைத்துக் கசியும் ரத்தத்தை நிறுத்தும். எங்கெல்லாம் சுரீரென்றதோ அங்கெல்லாம் பிளேடு முடியோடு தோலையும் சீவியிருக்கிறது என்று பொருள். தேர்வாளர் குறைகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்காட்டிவிட்டு, அடுத்தவருக்குத் துண்டு போர்த்தினார்.

இனி கடைக்குப் போகிறவருக்கு: பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கும் மீசைக்காரரைப் பார்க்காதீர்கள், திருப்புங்கள். சேர்பொருள்கள் பெரும்பாலும் அளவு குறையும் வரிசையில் அச்சாகியிருக்கும். ஸ்டியரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் முன்வரிசையில் இருந்து, கிளிசரின் அருகில் இருந்தால் கூடையில் போடுங்கள். எண்ணெயிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ சோப்பு காய்ச்சும்போது கிளிசரின் தானாகவே உண்டாகிறது. பெரிய ஆலைகள் பிரித்தெடுத்துத் தனியாக விற்றுவிடுவதும் உண்டு. அதை உள்ளேயே விட்டுவைத்த சோப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும். பிறகு இரண்டு மூன்று நிமிடம் தாடியைத் தண்ணீரில் ஊறவிட்டு, முடி சாய்ந்த பக்கமே வழியுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் புறத்தேர்வாளராக அமர்த்தலாம், லஞ்சத்துக்கு மசியாது.

மீசையோரம், தொண்டைக்குழி, தாடை மடிப்பு ஆகியவை இன்னும் ஆராயப்படாமல் கிடக்கின்றன. தொடர விரும்புவோர் முன்வரலாம். தாடி ஒன்றே தகுதி. தண்ணீர்க் கேன் அவரவர் செலவு.