சோங்கைப் பாக்கமுன்னம் தோளைப் பார்

வா மருமோன், இரு. தேத்தண்ணியைக் குடி. யாக்ட்ஷைன், அந்த வேட்டை லைசென்ஸ், எடுத்திட்டாயாம் எண்டு எனக்கு முதலே தெரியும். காமாட்சி அம்பாள் கோயில் 2002இல கும்பாபிசேகம் கண்ட நாளில இருந்து இந்த ஹம் ஊன்ட்றொப்பில ஆரின்ர ரகசியமும் வீதி சுத்தாமல் இருந்ததில்லை. சந்தோசமடாப்பா. ஜெர்மன்காரரே "பச்சை அபித்தூர்" எண்டு பேர் வைச்ச சோதினை, சும்மா ஆளே நீ! இனி லிப்பே ஆத்தங்கரைப் பன்றியள் பாவம் எண்டு நினைச்சன். பிறகு நீ தூக்கிக்கொண்டு திரியிற கத்தலோக்குகளைப் பாத்தன். பன்றியளுக்கு ஒரு பயமும் இல்லை. நீ துவக்கு வாங்கி முடிக்கிறதுக்குள்ள அதுகள் பேரப்பிள்ளை கண்டிடும்.

தோளில முட்டுக்குடுக்கிற கட்டை, அந்தச் சோங்கு, மரத்திலயோ, ஒட்டுமரத்திலயோ, பிளாஸ்டிக்கிலயோ எண்டு இரவிரவாய் முழிச்சிருக்கிறாயாம். பொம்பிளை பாக்கப் போன அண்டைக்குத் தட்டில றோல்ஸ் முடியமுன்னம் ஓம் எண்ட ஆள் நீ. இப்ப ஒரு கட்டைக்கு இவ்வளவு யோசினை!

சட்டத்தைக் கேட்டால் அது சுருக்கமாய்ச் சொல்லும். றே எண்ட சின்ன மானுக்கு 100 மீட்டரில 1000 ஜூல் சக்தி வேணும். பன்றிக்கு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையாத குண்டும் 2000 ஜூலும் வேணும். சோங்கு என்ன மரம் எண்டு அது கேக்காது. அதை உன்ர விருப்பத்துக்கு விட்டதுதான் அரசாங்கம் செய்த பிழை. ஓ, உதென்ன, ஆபிரிக்க யானைத்துவக்குப் பக்கத்தையும் மடிச்சு வைச்சிருக்கிறாய்? ஹம்மில பெரிசாய் நிக்கிற யானை மக்ஸிமிலியான் பூங்காவில நிக்கிறது. 1984 பூங்காக் கண்காட்சிக்கெண்டு பழைய நிலக்கரி கழுவுற கட்டிடத்தை மாத்திச் செய்த கண்ணாடி யானை. அதுக்குச் சுட்டியெண்டால் நகரசபை பில் அனுப்பும்.

சரி, முதல் வடிவைப் பாப்பம். வால்நட் மரம். துருக்கியில இருந்து வாற நல்ல கட்டையில தேன்நிறத்துக்கு நடுவில கறுப்புக்கோடு நெளிஞ்சு ஓடும். தரம் ஏற ஏற, கட்டையின்ர விலை துவக்கின்ர விலையைத் துரத்திப்பிடிக்கும். நெளிவு அடிப்பக்கத்தில இருக்கட்டும். நீ விரல் சுத்திப் பிடிக்கிற கழுத்தில மட்டும் நார் நேராய் ஓடவேணும். அங்கை குறுக்கால ஓடிச்செண்டால், பரண் ஏணியில ஒருக்கால் வழுக்கக் கழுத்து முறியும். துவக்கின்ர கழுத்தைத்தான் சொல்லுறன்.

இன்னொண்டு. மரம் வருசக்கணக்கில காய்ஞ்ச பிறகும் தண்ணியை மறக்காது. மார்கழி மழையில ஊறினால் முன்கட்டை ஊதிக் குழலில முட்டும். போன கிழமை நடுவில பட்ட குண்டு இந்தக் கிழமை பக்கத்தில படும். கடைக்காரன் வெளிப்பக்கத்தை மினுக்கித் தருவான். நீ அடியில இருக்கிற றப்பரைக் கழட்டி உள்ளுக்கப் பார். மரத்தின்ர வெட்டுவாய் எண்ணெய் காணாமல் வெளிறிக் கிடந்தால், தண்ணி உறிஞ்சிற வாசல் அதுதான். அங்கையும், குழல் படுக்கிற வாய்க்காலிலயும் ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் விட்டு, உள்ளங்கைச் சூட்டில தேச்சு, காயவிட்டுத் திரும்பவும் தேய்க்கவேணும். தீபாவளிக்குத் தலையில எண்ணெய் வைக்கவே பஞ்சிப்படுற நீ இதைச் செய்வியோ?

அப்ப ஒட்டுமரம் எண்டிறாய். மெல்லிய மரத்தாளுகளுக்குப் பிசின் பூசி, சூடும் அமுக்கமும் குடுத்து ஒரே கட்டையாய் ஒட்டுறது. மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறிப் போட்டு அவிச்ச குழல்புட்டு மாதிரி வரிவரியாய்க் கிடக்கும். இதை ஏதோ நேற்று வந்த சாமான் எண்டு நினையாதை. 1930களின்ர கடைசியிலயே ஜெர்மன் படையின்ர மவுசர் 98கே துவக்குக்குப் பீச் மரத்தாளை ஒட்டிச் சோங்கு செய்யத் தொடங்கீட்டினம். வால்நட் காயுமட்டும் யுத்தம் காத்துக்கொண்டு நிக்காது எல்லோ? ஒட்டின கட்டை தனிமரம் மாதிரி முறுகாது. பாரம் மட்டும் கொஞ்சம் கூட. பாரம் கூடினால் உதை குறையும், அது நல்லது. ஆனால் விடியத் தொடங்கிச் சோளக்காணி சுத்தி முடிக்கேக்குள்ள தோள் கணக்குச் சொல்லும். தேருக்கு வடம் பிடிச்ச அண்டைக்கே பின்னேரம் சித்தாலேப தைலம் தேடின தோள் உன்ர தோள்.

பிளாஸ்டிக் எண்டவுடன மூஞ்சையைச் சுழிக்கிறாய். புதுச்சாமானில ஊன்ட்றொப்காரருக்குச் சந்தேகம் வாறது ஞாயந்தான். இஞ்சை கட்டின அணு உலை 1985இல மின்சாரம் குடுக்கத் தொடங்கி, 1989இல பூட்டுப்பட்டு, 1991இல அதின்ர குளிர்கோபுரத்தை வெடிவைச்சு விழுத்தினதைப் பாத்த ஊர் இது. ஆனால் பிளாஸ்டிக் சோங்கு அப்பிடி அரைவழியில ஓடின ஆள் இல்லை. 1959இல அமெரிக்காவில றெமிங்டன் "நைலோன் 66" எண்டொரு சின்னத் துவக்கை விட்டுப் பத்து லட்சத்துக்கு மேல வித்தது. பத்து வருசம் கழிய ஒஸ்ரியாவின்ர ஸ்ரையர் தன்ர குறிசூட்டுத் துவக்குக்கே பிளாஸ்டிக் சோங்கு போட்டது. மழைக்கு ஊதாது, வெயிலுக்கு முறுகாது.

அதிலயும் இரண்டு ரகம் இருக்கு, கவனம். அச்சில வார்த்த மலிவுச் சாமானில முன்கட்டை வளையும். கடையில ஒரு வேலை செய். பத்து யூரோத் தாளைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில விட்டு இழு. லேசாய் ஓடும். பிறகு பரண் விளிம்பில ஊண்டுற மாதிரி முன்கட்டையை மேசைவிளிம்பில அழுத்திக்கொண்டு இழு. தாள் இறுகினால் துவக்கை வைச்சிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு வா. கண்ணாடிநாரிலயும் கார்பன்நாரிலயும் கையால அடுக்கின சோங்கு வளையாது. பில்லைப் பாத்து நீதான் வளைவாய்.

உள்ளுக்கக் கோதான பிளாஸ்டிக் ஏணியில தட்டினால் "டொக்" எண்டும். மான் உனக்கு முதல் வீட்டை போய்ச் சேந்திடும். சிலதுக்கு மேல பூசியிருக்கிற மெத்தெண்ட றப்பர்ப்பூச்சு வருசம் போகப் பிசுபிசுக்கும். உண்ணிக்குப் பூசுற மருந்தோட கையைக் கொண்டுபோய்த் துவக்கில வையாதை. அதில டீட் இருந்தால் சில பிளாஸ்டிக்கையும் மரத்து வார்னிஷையும் இளக்கிப்போடும்.

எல்லாம் கேட்டாய் மருமோன், கேக்க வேண்டினதைக் கேக்கேல்லை. இது உன்ர தோளுக்குப் பொருந்துமோ? கடையில நிக்கிறது ஆறடி ஜெர்மன்காரனை நினைச்சுச் செய்த நீளம். நீ எங்கட குடும்பத்து உயரம். டோட்முண்ட் வெஸ்ற்பாலன் மண்டபத்தில வருசா வருசம் குளிர்காலத்தில "யாக்ட் உண்ட் ஹுண்ட்" சந்தை போடுவினம். அங்கை போய்க் கண்டபாட்டுக்கு எடுத்துப் பார். காசை வீட்டில வைச்சிட்டுத் தோளைக் கொண்டு போ. வேட்டைக்குப் போடுற தடிச்ச சட்டையையும் போட்டுக்கொண்டு போ. கண்ணை மூடித் துவக்கைத் தோளில ஏத்திச் சொக்கையைக் கட்டையில வை. பிறகு கண்ணைத் திற. தொலைநோக்கியில வட்டம் முழுசாய்த் தெரிஞ்சால் அது உன்ர துவக்கு. விளிம்பில கறுப்புப் பிறை தெரிஞ்சால், கழுத்தை நீட்டித் தேடவேண்டி வந்தால், அது வேற ஆரின்ரயோ துவக்கு. கண் கிட்டப் போட்டுதெண்டால் உதையில தொலைநோக்கி புருவத்தில பொட்டு வைச்சுவிடும். ஐயர் வைச்ச குங்குமம் எண்டு சொல்லி மனுசியை ஏமாத்தேலாது. நீளத்தையும் சொக்கைப்பக்க உயரத்தையும் சரிபண்ணித் தாற துவக்கு வேலைக்காரர் இருக்கினம். என்ன சாமானில செய்ததெண்டிறது அதுக்குப் பிறகுதான்.

என்ர தீர்ப்பைச் சொல்லுறன். மழைக்குள்ள நிண்டிட்டு வந்து, துடையாமல் இரும்புப் பெட்டகத்தில வைச்சுப் பூட்டுற ஆள் நீ. ஆனபடியால் வளையாத பிளாஸ்டிக்கை வாங்கு. மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சூடு பழகு. குறி தவறினால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்ட கதையாய்ச் சோங்கில பழியைப் போடாதை. இல்லை, வால்நட்தான் வேணும் எண்டு அடம்பிடிச்சால், முதல் உன்ர வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு வருசம் எண்ணெய் போட்டுக் காட்டு. மேசை மினுங்கினால் வாங்கு, நான் குறுக்கை நிக்கேல்லை. நல்ல பாரம் தூக்குவன், பராமரிக்கத்தான் பஞ்சி எண்டால் ஒட்டுமரம் இருக்கு.

பன்றி விழுந்தால் மாமாவுக்கு ஒரு தொடை. அம்பாளுக்குக் கொடியேறமுன்னம் கொண்டு வா, கொடியேறினால் இந்த வீட்டில மச்சச்சட்டி கவிண்டிடும். மரத்தால சுட்டதோ பிளாஸ்டிக்கால சுட்டதோ எண்டு கறியில ருசி பிரிக்க நான் இன்னும் பழகேல்லை.