க்ரூஸ் கன்ட்ரோல் மாட்டியவர்

காரோடு வராத க்ரூஸ் கன்ட்ரோலை வெளியில் வாங்கி மாட்டியவரை அலங்காநல்லூர்ப் பக்கம் இரண்டு அடையாளங்களால் அறியலாம். மதுரைக்குப் போக வேண்டியவரை வாடிப்பட்டி வழியாகக் கூட்டிப்போவார். போகிற வழியில் தன் வலது காலைப் பார்க்கச் சொல்வார். மற்ற குணங்கள் எல்லாக் கார்க்காரர்களுக்கும் பொதுவானவை.

இவருடைய கார் எப்போதும் நடு மாடல். டாப் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்க மனம் வராது. வாங்கிய பிறகு, டாப் மாடலில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியில் மாட்டி, மிச்சம் பிடித்ததைப்போல இரண்டு பங்கு செலவழிப்பார். க்ரூஸ் அந்த வரிசையில் கடைசி. அதன் விலை மனைவிக்கு ஒன்று, நண்பர்களுக்கு ஒன்று.

கால் வைக்காமலே காரை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் இந்தக் கருவி வேலை செய்யும் விதம் எளிது. ஆக்சிலரேட்டரைக் கேபிள் இழுத்த பழைய கார்களில் இதற்குத் தனி மோட்டார் தேவைப்பட்டது. இன்றைய கார்களில் பெடலுக்கு மேலே இருப்பது சென்சார். எவ்வளவு மிதித்தார் என்ற செய்தி ஒயர் வழியாக இன்ஜின் கணினிக்குப் போகிறது. வெளியில் விற்கும் கிட் அந்த ஒயருக்கு நடுவில் புகுந்து, கால் எடுத்த பிறகும் மிதித்துக்கொண்டிருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும். வேகம் குறைந்தால் பொய்யைக் கூட்டும், கூடினால் குறைக்கும். பிரேக்கையோ கிளட்ச்சையோ தொட்டால் விலகிக்கொள்ளும். ‘ரெஸ்யூம்’ பொத்தானை அழுத்தினால் பழைய வேகத்துக்குத் திரும்பும். ஒயரைத் தொட்டால் வாரண்டிக்குச் சிக்கல் வரும் என்பதால், சர்வீசுக்கு விடும் முந்தின இரவு கிட்டைக் கழற்றி வீட்டுப் பீரோவில் வைப்பார்.

க்ரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஐந்து வயதிலேயே பார்வை இழந்தவர். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது, தான் பேசினால் வேகத்தைக் குறைப்பாராம், மற்றவர் பேசினால் கூட்டுவாராம். அந்தக் குலுக்கலில் எரிச்சலடைந்தே டீட்டர் வேகத்தைச் சீராக வைக்கும் கருவியில் இறங்கினார் என்பார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிரைஸ்லரின் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வந்தது. அலங்காநல்லூர்க்காரர் இந்த வரலாற்றை ஏறியவர்களுக்கெல்லாம் சொல்வார். காரின் வேகம் சீராகிவிட்டது. ஓட்டுபவரின் பேச்சை நிறுத்தும் கருவிக்குத்தான் இன்னும் யாரும் காப்புரிமை வாங்கவில்லை.

அலங்காநல்லூரிலிருந்து மதுரை தெற்கே சுமார் 15 கி.மீ. அந்தச் சாலையில் வேகத்தடை, டவுன் பஸ், ஆட்டு மந்தை, வைக்கோல் டிராக்டர் என்று ஏதாவது ஒன்று முன்னால் போய்க்கொண்டே இருக்கும். பொதுவாக 40 கி.மீ.க்குக் கீழே கருவி வேலைக்கு வராது. தை பிறப்பதற்கு முன் நடைப் பழக்கத்துக்குக் கூட்டிவரப்படும் ஜல்லிக்கட்டுக் காளையோ 4 கி.மீ.க்கு மேல் வராது. கொஞ்சம் வெற்றுச் சாலை தெரிந்ததும் “செட் பண்ணிட்டேன்” என்பார். அடுத்த நொடி பிரேக். “ரெஸ்யூம் பண்றேன்” என்பார். மறுபடி பிரேக். சும்மா ஓட்டுபவரின் காலுக்கு உள்ள வேலை குறையாமல், கைக்கும் வாய்க்கும் புதிதாக வேலை சேர்கிறது.

ஆகவே தெற்கே போக வேண்டியவரை மேற்கே கூட்டிப்போகிறார். வாடிப்பட்டியில் நாலுவழிச் சாலை இருக்கிறது. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிறது. இவருக்கு அதில் வாடிப்பட்டி முதல் சமயநல்லூர் வரை போதும். ஏறியதும் 80இல் செட் செய்து, காலைத் தூக்கி சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொள்வார். “பெரியப்பா, ரோட்டப் பாக்காதீங்க, கீழ குனிஞ்சு பாருங்க. கால் சும்மா கெடக்குதா இல்லையா?” முழங்கால் வலியோடு குனிந்து பார்த்து, “ஆமாப்பா” என்று சொன்னால்தான் அடுத்த பேச்சு. விருந்தாளி வெளியூராக இருந்தால் சமயநல்லூர்ப் பக்கம் திரும்பாமல் எதிர்த்திசையில் கொடைரோடு வரை காட்சி நீளும். டோல்கேட் தெரிந்ததும் யூ-டர்ன். டோலுக்குக் கொடுக்க அவர் ஆளில்லை.

வலது ஓரத் தடத்தில் 80இல் போகும்போது பின்னால் பஸ் ஹார்ன் அடித்தால் ஒதுங்க மாட்டார். ஒதுங்கினால் முன்னால் லாரி இருக்கும், பிரேக்கைத் தொட வேண்டிவரும், செட் போய்விடும். 79இல் போகும் லாரியை 80இல் முந்துவது ஒரு பொழுது வேலை. இதுவரை சிரிக்கலாம். காலை மடித்து வைப்பதில் சிரிக்க ஒன்றுமில்லை. கருவி ஆக்சிலரேட்டரை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். சென்டர் மீடியனைத் தாண்டி வரும் நாயையோ, எதிர்த்திசையில் வரும் மொபெட்டையோ அது பார்க்காது. மடித்த காலை எடுத்து பிரேக்கில் வைப்பதற்குள் 80 கி.மீ. வேகத்தில் கார் ஒவ்வொரு நொடிக்கும் 22 மீட்டர் ஓடிவிடும். மழையில் க்ரூஸ் போடக்கூடாது என்று கார் கையேடுகளில் பொதுவாக இருக்கும். கிட்டோடு வந்த தாளை அவர் பிரித்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் காலால் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் களைத்துப்போகிறார்.

இருந்தாலும் நள்ளிரவில் பிரசவ வலி என்றாலும் நெஞ்சு வலி என்றாலும் தெருவில் முதலில் தட்டப்படும் கதவு இவருடையதுதான். அப்போது நேர் வழியில் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் பறப்பார். க்ரூஸைப் பற்றிப் பேச்சே வராது; பெட்ரோல் காசும் வாங்க மாட்டார். திரும்பி வருவது மட்டும் வாடிப்பட்டி வழி.

காரை விற்கும்போது வாங்க வருபவர் டயரையும் இன்சூரன்ஸையும் கேட்பார். க்ரூஸுக்குத் தனி விலை தர மாட்டார். எனவே கிட் கழற்றப்படும். அடுத்த காருக்கு அதன் கப்ளர் பொருந்தாது என்றாலும் பீரோவிலேயே இருக்கும். அடுத்தது டாப் மாடலாக அமைந்துவிட்டால் க்ரூஸ் கம்பெனியிலிருந்தே வரும். கம்பெனி கொடுத்ததில் காட்டுவதற்குப் பெருமை இல்லை. அதன்பின் அவர் இந்த வகையிலிருந்து நீங்கி, சன்ரூஃப்காரர் என்ற வகையில் சேர்கிறார்.