மொட்டைமாடியில் பஜ்ஜி

எங்கள் ஜாபர்கான்பேட்டை அபார்ட்மென்டில் யாருக்கும் பெயர் கிடையாது. எஃப்-2, நாய் வீட்டுக்காரர், வெள்ளை ஸ்விஃப்ட். “வெள்ளை ஸ்விஃப்டுக்குப் பொண்ணு பொறந்திருக்கு சார்” என்று வாட்ச்மேன் சொன்னால் சந்தோஷப்படுவோமே தவிர, கார் எப்படிப் பிள்ளை பெறும் என்று கேட்க மாட்டோம்.

பாரிசிலும் இதே வியாதிதான் போல. 1999-இல் அத்தனாஸ் பெரிஃபான் என்பவர் அங்கே 17-ஆம் வட்டாரத்தில் அண்டை வீட்டார் விழா ஒன்றைத் தொடங்கினார். இப்போது மே மாத வாக்கில் பிரான்ஸ் முழுக்க முற்றத்திலும் தெருவிலும் மேஜை போட்டு, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பழகுகிறார்கள். இதை என் மனைவி படித்துவிட்டாள். ஒயினுக்குப் பதில் டீ, சீஸுக்குப் பதில் வாழைக்காய் பஜ்ஜி என்று முடிவாயிற்று.

வாட்ஸ்அப்பில் போட்டேன்: ‘ஞாயிறு மாலை 5 மணி, மொட்டைமாடி. சும்மா பேசிக்கொண்டிருக்கலாம்.’

காரணமில்லாமல் ஒருவன் பஜ்ஜி போட்டால் சென்னையில் யார் நம்புவார்? லிஃப்டில் எஃப்-2 குரலைத் தணித்து, “இன்ஷூரன்ஸா சார்?” என்றார். மெயின்டனன்ஸ் ஏறப்போகிறது என்றே தீர்மானித்துவிட்டார் நாய் வீட்டம்மா. அசோசியேஷன் செயலாளர் மினிட்ஸ் நோட்டோடு வந்து, கோரம் இருக்கிறதா என்று தலை எண்ணினார்.

தட்டைப் பிடித்தபடி எல்லோரும் சின்டெக்ஸ் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். “எந்த ஊர் சார்?” “திருச்சி.” “ஓ.” அதோடு சரி. பஜ்ஜியின் எண்ணெய் பேப்பர் தட்டைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

திடீரென்று தொட்டி நிரம்பி வழிந்தது.

“மோட்டார் போட்டது யாரு?”

அவ்வளவுதான். சம்ப், லாரித் தண்ணி, ஓஸ் பிடித்துக் கார் கழுவும் வெள்ளை ஸ்விஃப்ட் என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். பாரிஸ்காரர்களுக்கு ஒயின் தேவைப்படுகிறது. நமக்குத் தண்ணீர்ப் பிரச்சினையே போதும். 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்தபோது தரைத்தளம் மொத்தமும் இதே மாடியில்தான் உட்கார்ந்திருந்தது. யார் வீட்டு பிரெட்டை யார் தின்றோம் என்ற கணக்கே இல்லை. தண்ணீர் வடிந்தது, பழக்கமும் கூடவே வடிந்துவிட்டது.

இருட்டும்வரை சண்டை நடந்தது. அதற்குள் நாய் வீட்டுக்காரரின் மகனும் எஃப்-2 மகளும் ஒரே டியூஷன் என்று தெரிந்து, இனி ஒரே ஆட்டோ என்றும் பேசியாயிற்று.

மறுநாள் காலை நோட்டீஸ் போர்டில் மினிட்ஸ்: ‘1. பஜ்ஜி வழங்கப்பட்டது. 2. மோட்டார் ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட ஏகமனதாகத் தீர்மானம். 3. அடுத்த கூட்டத்தில் மிளகாய் பஜ்ஜி. ஆட்சேபம்: எஃப்-2 (அல்சர்).’