மேகம் அருவிக்குத் தண்ணீர் சுமப்போர்: மலைவழிச் சாப்பாட்டுக்கு உலர்த்தி தேர்வது குறித்து ஓர் ஆய்வு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலை ஏறுகிறவர்கள் எதைச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்ற வினாவை அறிவுலகம் இதுவரை எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் விடை சுலபம்: தண்ணீர். பாட்டிலில் இருப்பதைச் சொல்லவில்லை. தக்காளியின் எடையில் 94 விழுக்காடு தண்ணீர். வடித்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு. சாம்பாரின் கணக்கு ஊற்றுகிற கையைப் பொறுத்தது; கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு வரும் சாம்பாரைக் குடிநீர் என்றே வகைப்படுத்தலாம். ஆகவே சோறும் சாம்பாருமாக ஐந்து கிலோவைக் கட்டிக்கொண்டு மேகம் அருவிக்கு நடக்கிறவர், மூன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீரைத் தூக்கிப்போய் அருவிக்கே காட்டிவிட்டு வருகிறார்.

இந்த அநியாயத்தை ஒழிக்க வந்ததாகச் சொல்லப்படுவதுதான் டிஹைட்ரேட்டர் எனும் மின் உலர்த்தி. சூடேற்ற ஒரு கம்பிச் சுருள், ஊத ஒரு ஃபேன், அடுக்கடுக்காகத் தட்டுகள். சமைத்த சோற்றையும் பருப்பையும் பரப்பி மூடினால் விடிவதற்குள் சருகாகிவிடும். மலையில் வெந்நீர் ஊற்றினால் மறுபடி சோறாகிவிடும். இவற்றில் எதை வாங்குவது என்பதே ஆய்வுப் பொருள். ஆய்வெல்லை: வடக்கே சங்கராபுரம், தெற்கே சின்னசேலம், மேலே வெள்ளிமலை, கீழே எங்கள் ஆயாவின் மொட்டை மாடி.

முன்னோடி ஆய்வாளர்களில் முதலிடம் குசேலருக்கு. கந்தல் துணியில் அவலை முடிந்துகொண்டு துவாரகைக்கு நடந்தவர். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடித்துத் தட்டையாக்கியதுதான் அவல்; நெருப்பின் வேலை ஊரிலேயே முடிந்துவிட்டதால் வழியில் அடுப்பு வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும். எடை குறைவு, சீக்கிரம் கெடாது, போகிற இடத்தில் பரிசாகவும் கொடுக்கலாம். மலையேற்றக் கடைகளில் வெள்ளி நிறப் பொட்டலத்தில் விற்கும் எந்த உணவுக்கும் இந்தத் தகுதிகள் அத்தனையும் ஒருசேர அமைந்ததில்லை. நம்பாதவர்கள் பால்ய நண்பனின் வீட்டு வாசலில் அப்படி ஒரு பொட்டலத்தை நீட்டிப் பார்க்கலாம். அந்தீஸ் மலைக்காரர்கள் உருளைக்கிழங்கை இரவுக் குளிரில் உறையவிட்டு, பகலில் மிதித்துப் பிழிந்து, வெயிலில் காயவைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். வெள்ளிமலைக் குளிர் அவ்வளவு தூரம் ஒத்துழைக்காது. மைசூரில் 1961 முதல் இயங்கும் பாதுகாப்பு உணவு ஆய்வுக்கூடம் படைவீரர்களுக்காக இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போகிறவர்களைப் படைப்பிரிவாக அரசு இன்னும் அங்கீகரிக்கவில்லை.

இனி கள நிலவரம். மாவட்டத்தின் மிகப்பெரிய உலர்த்தி சேலம் – உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை. மக்காச்சோள அறுவடையின்போது அதன் ஓரங்கள் மஞ்சளாகிவிடும். விளிம்பில் கல் வரிசை, ஒரு குடை, குடைக்கடியில் ஒருவர். அடியில் தார்ச் சூடு, தலைக்கு மேல் வெயில், கடக்கும் லாரி ஒவ்வொன்றும் ஒரு ஃபேன். கொள்ளுச் செடியைப் பரப்பினால் போரடிக்கும் வேலையையும் அதே லாரி கூலியில்லாமல் முடித்துவிட்டுப் போகும். (இரவில் அந்தக் கல் வரிசை கண்ணுக்குத் தெரியாமல் பைக்கோடு விழுந்தவர்களுக்கு இந்த உலர்த்தியைப் பற்றி வேறு கருத்து உண்டு. அது நியாயமான கருத்து.) சின்னசேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளி மாவு சிமெண்டுக் களத்தில் காய்கிறது. அரிசி ஆலைகளில் ஊறி அவிந்த நெல் காய்ந்துதான் புழுங்கலரிசியாகிறது. மலைமேல் சாமைக்கும் கடுக்காய்க்கும் பாறை இருக்கிறது. தட்டு கழுவும் வேலை வைக்காத ஒரே உலர்த்தி பாறைதான். அதை மழை கழுவிக்கொள்கிறது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு மின்பெட்டி வாங்கப் போவதாக அறிவித்தபோது ஆயா எழுப்பிய மறுப்பை இங்கே உள்ளபடியே பதிவு செய்கிறோம்.

“என்னாத்துக்குடா பொட்டி? வெயிலு உங்கிட்ட காசா கேக்குது?”

இதற்கு விடை சொல்ல இயற்பியலுக்குள் கொஞ்சம் இறங்கியாக வேண்டும். ஒரு பண்டம் காயச் சூடு வேண்டும், காற்றோட்டம் வேண்டும், அந்தக் காற்று வறண்டும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஐப்பசி மாதம், 28 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு. துவைத்த துணியே மூன்று நாள் கொடியில் நாறுகிற நேரம். அதே காற்றைப் பெட்டி 57 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் 19 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். காற்றிலிருந்த தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. காற்றின் தாகம்தான் கூடியிருக்கிறது. சித்திரை உச்சிவெயிலில்கூடக் காற்றுக்கு இவ்வளவு தாகம் வருவதில்லை.

காய்கறிக்கு இந்த 57 டிகிரி சரி. புதினா, கறிவேப்பிலைக்கு 35 டிகிரி போதும். ஆகவே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு இல்லாத பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடவே கூடாது. திருகு இருக்கிறதே என்று அவசரத்துக்கு ஏற்றிவிடவும் கூடாது. மேல்தோல் முதலில் இறுகி, உள்ளிருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடைபட்டுவிடும். கையில் எடுத்தால் கலகலக்கும், டப்பாவில் போட்டுப் பத்து நாள் கழித்துத் திறந்தால் பூஞ்சை பூத்திருக்கும். சுண்டைக்காயை நசுக்காமல் மோரில் போடாதே என்று ஆயா அதட்டுவதும் இதே விதியைத்தான். சமன்பாடு எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் சுண்டைக்காயில் உப்பு இருக்கிறது. வத்தலின் பாதுகாப்பில் பாதி வேலை உப்பினுடையது. பண்டத்தில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் கிருமிக்குக் கிடைக்காமல் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. மலைக்குக் கொண்டுபோகும் சோற்றிலும் கூட்டிலும் அந்த அளவு உப்பைப் போட்டால் மேலே போய் அருவியையே குடிக்க வேண்டிவரும். உப்புக் குறைந்த வெந்த பருப்பை மாடியில் விட்டாலோ, இரண்டாம் நாள் அது காய்வதற்கு முன் புளித்துவிடும். பெட்டிக்கு உண்மையான நியாயம் இங்கேதான் பிறக்கிறது: கெடுவதற்கும் காய்வதற்கும் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் ஒரே இரவில் ஜெயித்துவிடுகிறது. ஆயாவிடம் இதைச் சொன்னபோது, “அப்ப வெந்த பருப்ப ஏன்டா காயவெக்கிற, தின்னுட்டுப் போ” என்றார். இந்த வாதத்தை முறியடிக்கும் சான்று எதுவும் எங்களிடம் இல்லை.

அடுத்தது பரப்பளவு. கடைக்காரர் சதுர அடியில் சொல்வார், ஆயாவுக்குச் சதுர அடி என்றால் மனைக்கட்டு. இரு தரப்புக்கும் பொதுவான ஓர் அலகு தேவைப்படுவதால் ‘புடவை’ என்பதை இக்கட்டுரை முன்மொழிகிறது. ஐந்தரை மீட்டர் நீளம், 1.15 மீட்டர் அகலம் உள்ள பழைய நூல் புடவை ஒன்று விரித்தால் ஏறத்தாழ 68 சதுர அடி. உலகெங்கும் மலையேறிகள் மெச்சும் எக்ஸ்காலிபர் ஒன்பது தட்டுப் பெட்டியின் மொத்தப் பரப்பு 15 சதுர அடி, அதாவது 0.22 புடவை. ஓரடி விட்டமுள்ள ஐந்து வட்டத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சின்ன வகை நான்கு சதுர அடிகூடத் தேறாது, முந்தானைக்கே காணாது. ஒரு புடவை அளவு வத்தலைப் பெட்டியில் போட்டெடுக்க நான்கைந்து இரவு ஓட்ட வேண்டும். எக்ஸ்காலிபரை அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவருகிறார் என்றால் இன்னொரு கவனம்: அந்த ஊர்ப் பெட்டி 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் செருகினால் காய்வது பெட்டிதான்.

வட்ட அடுக்கு வகையில் ஃபேன் பெரும்பாலும் அடியில் இருக்கும். கீழ்த் தட்டு கருகும்போது மேல் தட்டு இன்னும் குளித்துக்கொண்டிருக்கும். எனவே நடுராத்திரி எழுந்து தட்டுகளை மாற்றி அடுக்க வேண்டும். அத்தோடு, நடுவில் காற்றுக்காக விட்ட ஓட்டை. கூழ் வடகம் ஊற்றத் தெரிந்த எவரும் ஓட்டையுள்ள தட்டைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். வழியும் கூழ் நேரே மோட்டாருக்குப் போகும். ஃபேன் முதுகில் இருக்கும் சதுரப் பெட்டியில் காற்று எல்லாத் தட்டுக்கும் பக்கவாட்டில் ஒரேமாதிரி ஓடுகிறது, தட்டைத் தனித்தனியாக உருவலாம், வழிந்தாலும் கீழ்த்தட்டு வாங்கிக்கொள்ளும். விலை கூடுதல்தான். வாங்குவதென்றால் இதைத்தான் வாங்க வேண்டும்.

இனிமேல்தான் இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. விற்பனைக் கையேடுகள் வாட், தட்டு, டைமர் என்று பட்டியலிடுகின்றன. பெட்டியின் தலையாய உறுப்பை ஒன்றுகூடக் குறிப்பிடவில்லை. அது கதவு.

மொட்டை மாடியின் வரலாறு காக்கையோடு நடத்திய போரின் வரலாறு. விரித்த கறுப்புக் குடை ஒருநாள் பலன் தரும். மறுநாள் காக்கை குடைமேலேயே உட்காரும். கயிற்றில் கட்டிய பழைய சிடி பளபளப்பது எதிர்வீட்டுக்காரர் கண்ணில் மட்டும். ஓரத்தில் பரப்பும் மிளகாயை அணில் சுற்றிக்கொண்டு வரும். ஆகவே ஆள்காவல். வடகக் காலமும் பள்ளி ஆண்டு விடுமுறையும் ஒரே பருவத்தில் வருவதால் பேரப்பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி நிழலில் நிறுத்தப்படுகிறார்கள். இங்கேதான் புள்ளியியல் குழம்புகிறது. மேலே காய்ந்து அடியில் இன்னும் பிசுபிசுக்கும் கூழ் வடகத்தைப் புடவையிலிருந்து நகத்தால் பெயர்த்து வாயில் போட்டால் உப்பும் புளிப்பும் பச்சைமிளகாய்க் காரமுமாக அப்படியொரு ருசி. பொரித்த வடகத்துக்கு அது வருவதில்லை. மாலையில் புடவையில் காணும் வெற்று வட்டங்களைக் காக்கையின் கணக்கிலேயே எழுதுவது மரபு. காக்கை நடுவில் கொத்தும், வடகத்தை முழுதாக, விளிம்பு சிதையாமல் பெயர்க்காது என்பதை ஆயா அறிவார். எந்த ஆண்டும் வாய்திறந்து சொன்னதில்லை.

பெட்டி இடம்பிடிப்பது வெயிலின் நாற்காலியில் அல்ல, இந்தக் காவலாளின் நாற்காலியில். அதோடு இன்னொன்றின் நாற்காலியிலும். பங்குனியில் காயவைக்கிற வீடு ஐப்பசிக்காகக் காயவைக்கிறது. வெயில் இருக்கும்போது அருவியில் தண்ணீர் இல்லை, மலைக்கு ஆளில்லை. அருவி கொட்டும்போது மாடி நனைந்து கிடக்கிறது. ஆறு மாதம் முன்னால் யோசிக்கிற குடும்பத்துக்கு இது சிக்கலே இல்லை. வெள்ளிக்கிழமை இரவு வாட்ஸ்அப் குழுவில் ‘ஞாயிறு மேகம் போலாமா மச்சி’ என்று கேட்டு, சனிக்கிழமை சாப்பாட்டைக் காயவைக்கிறவர்களுக்குத்தான் சிக்கல். பஞ்சாங்கம் பார்க்காத தலைமுறைக்குப் பஞ்சாங்கத்துக்குப் பதில் டைமர்.

மின்கட்டணம் பற்றிப் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. 600 வாட் பெட்டி பத்து மணி நேரம் விடாமல் எரிந்தால் 6 யூனிட். தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு எரிப்பதால் அதற்கும் குறைவு. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறைந்தது 100 யூனிட் இலவசம் என்பதால், கொள்கையளவில் பதினாறு இரவுச் சாப்பாட்டை அரசே காயவைத்துத் தருகிறது. வீட்டில் ஏசி ஓடி, 500 யூனிட் கோட்டை ஒட்டி நிற்கிறவர்கள் மட்டும் ரீடிங் எடுக்கும் தேதியைப் பார்த்துக்கொண்டு சோறு காயவைக்கட்டும். கோட்டைத் தாண்டினால் விகிதமே மாறிவிடும்.

பெட்டிக்குள் எதைப் போடுவது என்பதில் சில தடைகள். நெய், எண்ணெய், தேங்காய் கலந்தது எதுவும் ஆகாது. கொழுப்பு காயாது, காறிப்போகும். வேகாத பருப்பு ஆகாது. மலையில் எவ்வளவு ஊறினாலும் கல்தான். வெங்காயத் தாளிப்பு வடகத்தை நான்கு சுவருக்குள் வைத்து ஓட்டினால் என்ன ஆகும் என்று சோதித்தோம். பண்டம் அருமையாகக் காய்ந்தது. அதற்கப்புறம் போட்ட வாழைப்பழம், மாம்பழம், ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றிலும் வடக வாசனை. மலையில் ஊறவைக்க வெந்நீரை ஃபிளாஸ்கில் கொண்டுபோகவோ வெள்ளிமலை டீக்கடையில் வாங்கிக்கொள்ளவோதான் வேண்டும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். ஃபிளாஸ்க் தண்ணீர் ஆறிப்போனால் குசேலரே கதி.

இரு தரப்பையும் இணைக்கும் மூன்றாம் வழியாக வெயில் பெட்டியையும் ஆராய்ந்தோம். சாய்வான கண்ணாடி மூடி, உட்புறம் கறுப்புத் தகடு, அடியில் ஒன்றும் மேலே பின்பக்கம் ஒன்றுமாகக் காற்றுத் துளை, துளைக்குக் கொசுவலை. அடியில் புகும் காற்று சூடேறி மேலே தானாகவே வெளியேறும்; ஃபேன் வேண்டாம், கரண்ட் வேண்டாம், கதவு உண்டு, காக்கைக்கு வழியில்லை, பேரனுக்கும் வழியில்லை. வெயிலும் கதவும் ஒரே பெட்டியில். ஐப்பசியில் தொடங்கும் மழைக்காலத்தில் மட்டும் அது வெறும் மரப்பெட்டி. அந்த மூன்று மாதத்துக்கு முதுகு ஃபேன் பெட்டியை நாலு வீடு சேர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விடலாம்.

கண்ணாடிப் பெட்டியைச் செய்ய வெளியூர் போக வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. விசாரித்த பட்டறையில் அளவையெல்லாம் குறித்துக்கொண்ட ஆசாரி, வெறும் பெட்டியாகக் கொடுக்க மனம் வராமல், “நாலு மூலையிலும் யாளி வெச்சுடுங்களேன் சார், காக்கா அண்டாது” என்றார். யாளியின் காக்கை விரட்டும் திறன் குறித்து முறையான ஆய்வு எதுவும் கண்ணில் படவில்லை. கோயில் மண்டபத் தூணில் யாளியின் தலைமேலேயே காக்கை உட்கார்ந்து வடை தின்பதைப் பார்த்திருப்பதால், ஒரு மூலைக்கு மட்டும் முன்பணம் கொடுத்திருக்கிறோம்.