கேளுங்கள், சொல்கிறேன்: இந்துப்பும் உப்புதான்

வாசகர், மன்னார்குடி: காலையில் வெறும் வயிற்றில் வெந்நீர் குடித்தால் கொழுப்பு கரையுமா?

தாகம் தீரும்.

வாசகர், கோவில்பட்டி: ரத்தப் பரிசோதனைக்கு முந்தின வாரம் இனிப்பைத் தொடுவதில்லை. ரிப்போர்ட் அருமையாக வருகிறது. இது போதாதா?

டாக்டரை ஏமாற்றலாம், ரத்தச் சிவப்பணுவை ஏமாற்ற முடியாது. அது சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் நீங்கள் சாப்பிட்ட ஜாங்கிரிக்கும் மைசூர்பாகுக்கும் அதுதான் சாட்சி. அடுத்த முறை எச்பிஏ1சி பரிசோதனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதச் சராசரி வெளியே வந்துவிடும். 5.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நடுவில் இருந்தால் துள்ளிக் குதியுங்கள்; நடையும் எடைக்குறைப்பும் நோயைத் தள்ளிப்போட உதவும் கட்டம் அது.

வாசகி, காரைக்குடி: மாமியாருக்கு பி.பி. குழம்பில் உப்பைக் குறைத்தோம், இந்துப்புக்கும் மாறினோம். அப்படியும் 150-க்குக் கீழே இறங்கவில்லையே?

வாருங்கள், எனக்குப் பிடித்த சண்டை! இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பாக இருப்பதால் ரத்தக்குழாய் அதற்குச் சலுகை காட்டாது. அயோடின் சேர்க்காத பாக்கெட் என்றால் அந்த நன்மையும் போயிற்று. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்கும் குறைவான உப்பு, ஒரு டீஸ்பூன். அதைக் குழம்பில் மட்டும் தேடினால் எப்படி? குழம்புக்குப் பக்கத்தில் பாருங்கள்: அப்பளம், ஆவக்காய், மோர்மிளகாய், வடகம், கருவாடு. வாராவாரம் அப்பளத்தைத் திட்டுகிறேன் என்று கடிதம் எழுதும் அன்பர்களே, இந்த வாரமும் திட்டுகிறேன்! தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வெள்ளரிப் பிஞ்சு போதும். அதோடு, 150 என்பது மாமியாரின் டாக்டருக்குத் தெரிய வேண்டிய எண். மாத்திரையை அவர் எழுதட்டும், நிறுத்துவதையும் அவரே சொல்லட்டும்.

வாசகி, ஒட்டன்சத்திரம்: அம்மாவுக்கு 48 வயது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார்.

நன்றாக இருக்கும்போது செய்வதற்குத்தான் அந்தப் பரிசோதனை. அங்கே உண்டாகும் சிறு மாற்றம் புற்றுநோயாக முற்றப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வலி இருக்காது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறிய இடம் வெளுத்துத் தெரியும். அவ்வளவுதான். இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்கள் உங்கள் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள். 30 முதல் 59 வயது வரையுள்ளவர்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையால், இந்த நோயில் இறப்பவர்கள் 35 சதவீதம் குறைந்தார்கள். லான்செட் இதழில் 2007-ல் அந்த ஆய்வு வெளியானது. வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் பார்க்கும் அம்மா, தனக்கென்று ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க மாட்டார். சம்மதம் வரட்டும் என்று காத்திராமல் கூடவே போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். உங்களுக்கு 30 தாண்டியிருந்தால் நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண்குழந்தை இருந்தால், எச்.பி.வி. தடுப்பூசி பற்றி அதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வாசகர், தாம்பரம்: தெருநாய்க் குட்டி கடிக்கவில்லை, லேசாகக் கீறியது. ஊசி அவசியமா?

இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்திருங்கள். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்ப வேண்டாம். இன்றே மருத்துவமனைக்குப் போய், சொல்லும் தேதிகளில் எல்லா ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை.

வாசகர், மதுரை: உடல் பரிசோதனைக்கு அஷ்டமி, நவமி பார்க்கலாமா?

ராகு காலத்திலும் பி.பி. கருவி சரியாகவே காட்டும். நாளைக்கே போங்கள்.